பெரிய மென்பொருளுக்கு இடம் எது?



பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கும் பழைய கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் இருக்கும். அதில் பெரிய மென்பொருள் ஒன்றை எங்கே வைப்பது? இன்று அதைப் பார்ப்போம்.

முதலில் தோட்டத்து ஸ்டோரை நினைத்துக்கொள்வோம். அங்குள்ள சாமான் ஒவ்வொன்றும் கிராணியாரின் கணக்குப் புத்தகத்தில் உண்டு. நம் வீட்டு மண்வெட்டியை அங்கே சாத்தி வைத்தால், அடுத்த முறை சாமான் மாற்றும்போது அதுவும் போய்விடும் அல்லவா?

லினக்ஸில் 'யு.எஸ்.ஆர்.' என்னும் கோப்புறை அந்த ஸ்டோரைப் போன்றது. லினக்ஸோடு வரும் மென்பொருள் நிறுவி, கிராணியாரைப் போல் அதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. அதன் வழியாகக் கிடைக்கும் மென்பொருளை அப்படியே ஏற்றலாம். இடத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் நாம் வெளியிலிருந்து கொண்டுவருவதை அங்கே கலந்துவிடக் கூடாது.

நமது பொருளுக்கென்று 'ஆப்ட்' என்னும் கோப்புறை இருக்கிறது. ஒரு மென்பொருளுக்கு ஓர் அறை. வேண்டாதபோது எளிதில் நீக்கலாம். லிப்ரே ஆபீஸை அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கி ஏற்றினால், அது ஆப்டில்தான் போய் அமரும். மூல நிரலிலிருந்து நாமே உருவாக்கும் மென்பொருளுக்கு 'யு.எஸ்.ஆர். லோக்கல்' ஏற்ற இடம். இந்த ஒழுங்குமுறை 1994-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் மூன்றாம் பதிப்பு 2015-இல் வெளிவந்தது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பெரும்பாலான கணினிகளில் ஆப்டும் இயங்குதளமும் வட்டின் ஒரே பகுதியில்தான் இருக்கின்றன. பள்ளியில் நாங்கள் ஒருமுறை அளந்து பாராமல் பெரிய மென்பொருளை ஏற்றிவிட்டோம். வட்டு நிரம்பியது. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதி முடித்த கட்டுரையைச் சேமிக்க முடியவில்லை. அவள் கண் கலங்கி நின்றாள். பிழை எங்களுடையது.

ஆகவே, ஏற்றுமுன் முனையத்தைத் திறந்து, டி, எஃப் என்னும் இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் எச் எழுத்தும் தட்டுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரியும். இடம் போதாவிட்டால் வேறொரு வட்டை ஆப்டாக இணைக்கச் சொல்லலாம். பிள்ளைகளின் வேலைகள் இருக்கும் 'ஹோம்' கோப்புறைக்கும் தனிப் பகுதி ஒதுக்குவது நல்லது.

மென்பொருள் போனால் மறுபடியும் இறக்கிக்கொள்ளலாம். பிள்ளை எழுதியது போனால் அதை யார் தருவார்?