உறுமலை அடக்கலாமா?

வீட்டு நாய் ஒருவரைக் கடித்துவிட்டால், "இத்தனை நாள் சாதுவாயிருந்தது, காரணமின்றிக் கடித்துவிட்டது" என்று எஜமானர் சொல்வது வழக்கம். பெரும்பாலும் இது உண்மையன்று. நாய் எச்சரித்த பிறகே கடிக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. முகத்தைத் திருப்புதல், உதட்டை நக்குதல், உடல் விறைத்து நிற்றல், கண்ணின் வெண்மை தெரியப் பார்த்தல், கடைசியில் உறுமல் ஆகிய யாவும் "விலகிப் போ" என்பதற்கு அது வழங்கும் பாஷையாகும்.

உறுமும் நாயை அடிப்பவர் அதன் அச்சத்தையோ நோவையோ போக்குவதில்லை. வாயை மட்டுமே அடைக்கிறார். அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கக்கூடும்.

ஆகவே செய்யத் தக்கது யாது? குட்டியை 3-வது வாரம் முதல் 14-வது வாரம் வரையில் பலவகை மனிதரோடும் ஓசைகளோடும் அச்சமின்றிப் பழக்குதல் வேண்டும். நாள் முழுதும் சங்கிலியில் கட்டலாகாது. அது உண்ணும்போதும் உறங்கும்போதும் தொந்தரவு செய்யலாகாது. சிறு குழந்தையை அதனுடன் தனியே விடலாகாது. குணம் திடீரென மாறினால் மிருக வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். வெறிநோய்த் தடுப்பூசியையும் தவறவிடலாகாது.

கடி நேர்ந்துவிட்டாலோ, மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பாமல், சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். பாஸ்டர் 1885-ல் இந்நோய்க்குத் தடுப்பூசி கண்டார். 1907-ல் குன்னூரிலேயே அவர் பெயரால் ஸ்தாபனம் ஏற்பட்டது. ஆயினும் நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. காவலுக்கென நாய் வளர்ப்போர், அதன் உறுமலுக்குச் செவிசாய்ப்பதும் தம் கடமையென உணர்வார்களாக.