கதவடைக்கப்பட்டவர்கள் கட்டிய பள்ளிக்கூடங்கள்

 

ஓசூரில் வாழும் நமக்குப் பழைய பாடநூல்கள் மலிவாக வேண்டுமெனில் பெங்களூரு பேட்டையிலுள்ள அவென்யூ சாலையே கதி. சென்ற ஷவ்வாலில் மத்ரஸா திறக்கும் வேளையில், மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் புத்தகம் தேடி, மாணவன் ஒருவனை உடன் அழைத்துக்கொண்டு அங்கே சென்றிருந்தேன். கடைகளின் நெரிசலுக்கு நடுவே ஒரு கிறித்தவ ஆலயம் நிற்கிறது. ரைஸ் நினைவாலயம் என்பது அதன் பெயர். "அரிசியின் பேரில் ஒரு சர்ச்சா, ஹஜ்ரத்?" என்று மாணவன் சிரித்தான். நானும் சிரித்தேன். எனினும், பலமுறை கடந்து சென்ற அவ்வாசலின் வரலாற்றை அறியாதிருந்தது உறுத்தவே, ஊர் திரும்பியதும் நூல்களைப் புரட்டலானேன். அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

ரைஸ் என்பவர் பெஞ்சமின் ரைஸ். லண்டன் மிஷனரி சங்கத்துப் போதகர். அச்சங்கத்தை விளங்கிக்கொள்ள நாம் முதலில் இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். 1662ஆம் ஆண்டு அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. அரசுத் திருச்சபையின் வழிபாட்டு நூலை அப்படியே ஏற்காத போதகர் எவரும் பதவியில் நீடிக்கலாகாது என்றது அது. 1660 முதல் அவ்வாண்டு வரை பதவியிழந்தோர் ஏறத்தாழ 2,000 பேர். இவர்களும் இவர்களைப் பின்பற்றியோருமே 'இணங்காதோர்' எனப்பட்டனர். 1664இல் இன்னொரு சட்டம் வந்தது. வீட்டாரைத் தவிர ஐவருக்கு மேல் கூடி, அரசுத் திருச்சபை முறைக்கு மாறாக வழிபட்டால் தண்டனை! 1665இல் வந்த சட்டமோ, நீக்கப்பட்ட போதகர்கள் தாம் முன்பு போதித்த ஊர்களுக்கு ஐந்து மைல் தொலைவுக்குள் வரவும், பள்ளிகளில் பாடம் சொல்லவும் தடை விதித்தது.

பெட்ஃபோர்டு என்னும் சிற்றூரில் ஜான் பன்யன் என்றொருவர் இருந்தார். ஓட்டைப் பாத்திரங்களை ஒட்டிப் பிழைத்த ஏழை. அனுமதியின்றிப் போதித்தமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையில் கிடந்தார். விடுதலையான அதே 1672இல் அவருடைய சபையார் மில் தெருவில் ஒரு பழத்தோட்டத்தையும் அதிலிருந்த தானியக் களஞ்சியத்தையும் வாங்கினர். அக்களஞ்சியமே அவர்களின் ஜெபவீடு ஆயிற்று. கோபுரமும் இல்லை, மணியும் இல்லை. 1707இல் அவ்விடத்தில் ஒரு கூட்ட மண்டபமும், 1850இல் இன்றுள்ள கட்டடமும் எழுந்தன. தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் பலரும் அறிந்த நூலை எழுதியவர் இவரே. அதனைத் தழுவித்தான் ஹென்றி ஆல்ஃபிரட் கிருஷ்ணப்பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார்.

1689இல் வழிபாட்டுரிமை ஓரளவு கிடைத்தது. ஆனால் கல்லூரிக் கதவு திறக்கவில்லை. அரசுத் திருச்சபையின் கொள்கைகளுக்குக் கையொப்பமிடாமல் ஆக்ஸ்ஃபோர்டில் சேரவே முடியாது. கேம்பிரிட்ஜில் பட்டம் பெற முடியாது. 1850களில்தான் இத்தடைகள் தளர்ந்தன. 1871இல்தான் பெரும்பாலும் நீங்கின. இடைப்பட்ட அந்த இரு நூற்றாண்டுக் காலத்தில் அச்சமூகம் என்ன செய்தது என்பதே, வாசகர்களே, என்னைப் பெரிதும் ஈர்த்த செய்தி. பதவியிழந்த போதகர்கள் தம் வீடுகளிலேயே கல்விக்கூடம் நடத்தினர். வேதத்தோடு கணிதம், வானியல், பூகோளம் ஆகியவற்றையும் கற்பித்தனர். லண்டனை அடுத்த நியூவிங்டன் கிரீனில் நடந்த அத்தகைய கூடத்தில் பயின்றவர்தான், 'ராபின்சன் குரூசோ' எழுதிய டேனியல் டீஃபோ.

இத்தகைய மரபினர் முன்னின்று 1795இல் தொடங்கியதே லண்டன் மிஷனரி சங்கம். அதன் போதகர்கள் 1820இல் பெங்களூருக்கும், 1827இல் சேலத்துக்கும் வந்தனர். நம் ஓசூர் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1837இல் பெங்களூரு வந்த ரைஸ் கன்னடம் கற்று, ஐம்பது ஆண்டுகள் பணியாற்றி, 1887இல் மறைந்தார். அவருடைய துணைவியார் மற்றொரு போதகரின் துணைவியாரோடு சேர்ந்து 1840இல் கன்னடப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பெண்கல்வி என்றாலே ஊர் முகம் சுளித்த காலம் அது! பேட்டையிலிருந்த பழைய கன்னட ஜெபவீட்டின் வழிவந்ததே அவர் பெயரால் இன்று நிற்கும் ஆலயம். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இச்சங்கத்தின் சபைகளும் அதில் இணைந்தன. அந்த 'இணங்காதோர்', இங்கே ஆங்கிலத் திருச்சபையோடு ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டனர்.

1837இல் பிறந்த ரைஸின் மகன் லூயிஸ் ரைஸ் மைசூர் அரசின் கல்வித் துறையிலும் தொல்லியல் துறையிலும் பணியாற்றினார். அவர் பதிப்பித்த கல்வெட்டுகள் ஏறத்தாழ 9,000. கோலார், பெங்களூரு மாவட்டங்களின் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளும் அவற்றுள் அடங்கும். நம் எல்லைப்புறத் தமிழின் பழமையை அறிய, ஒரு போதகர் வீட்டுப் பிள்ளையின் உழைப்பை நாட வேண்டியிருக்கிறது.

கொள்கையில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படை. அப்பள்ளிகளின் நோக்கம் தம் மதத்தைப் பரப்புவது என்பதை அவர்களும் மறைத்ததில்லை. ஆகவே நம் முன்னோர் அஞ்சியது வியப்பன்று. ஆனால் அஞ்சியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர்ச் சாலையில் சென்றால் வாணியம்பாடியில் 1919இல் எழுந்த இஸ்லாமியாக் கல்லூரியையும், அப்பால் உமராபாத்தில் 1924இல் எழுந்த ஜாமிஆ தாருஸ்ஸலாமையும் காணலாம். தோல் வணிகர்களின் கொடை அவற்றின் அஸ்திவாரத்தில் இருக்கிறது.

இதை நான் எழுதக் காரணமும் உண்டு. எங்கள் மஹல்லாவில் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகள் பெருகிவிட்டனர். பள்ளிவாசலின் மாடியில் மக்தபுக்குப் பின் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர அனுமதி கேட்டேன். தீனியாத் மட்டும் போதுமே என்றார் நிர்வாகப் பெரியவர் ஒருவர். தகப்பனார் ஒருவரோ, "குர்ஆன் ஓதிட்டான், அது போதும் ஹஜ்ரத். பதினெட்டு ஆனதும் கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்த்துவிடுகிறேன். கணக்கு எதற்கு?" என்றார். இரவு ஷிப்ட் முடித்து வந்து, கண் சிவக்க நின்று கேட்ட அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அவென்யூ சாலையில் வாங்கிய இருபத்திரண்டு கணக்குப் புத்தகங்களும் இன்னும் கட்டுப் பிரிக்காமல் என் அறையில் இருக்கின்றன. வரும் ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகக் குழு கூடுகிறது. இன்ஷா அல்லாஹ், பெட்ஃபோர்டின் அந்தக் களஞ்சியத்தைப் பற்றி அங்கே சொல்லலாம் என்றிருக்கிறேன்.