அலகு தேயும், கருவி நிற்கும்

பொருள்களுள் தேய்வதற்கென்றே செய்யப்படுவனவும் உண்டு. நிலைப்பதற்கென்றே செய்யப்படுவனவும் உண்டு. எண்ணெய் எரிந்து தீர்வது, விளக்கு நிற்பது. மை எழுதித் தீர்வது, எழுதுகோல் நிற்பது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமல், நிற்க வேண்டியதையும் தேய்வதோடு சேர்த்து எறிந்துவிடும் வழக்கம் இக்காலத்தில் பெருகியுள்ளது. நாள்தோறும் காலையில் கண்ணாடிமுன் எடுக்கப்படும் சவரக் கருவி இதற்குத் தக்க சான்றாகும்.

கெடா மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றை ஒட்டி அமைந்தது பண்டார் பாரு. ஆற்றுக்கு அப்பால் பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தார். மற்றொரு பக்கம் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால். இவ்வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தொழிலாளர்கள் கத்தியின் அருமையை நன்கு அறிந்தவர்கள். மழுங்கிய கத்தி பட்டையைக் கிழிக்கும். ஆழமாகப் பட்டால் மரத்தில் புண் உண்டாகும். ஆதலால் அவர்கள் கத்தியைக் கல்லில் தீட்டிய பின்னரே மரத்தடிக்குச் சென்றார்கள். தோட்டத்து முடிதிருத்துநரும் தம் மடக்குக் கத்தியைத் தோல்வாரில் தீட்டிய பின்னரே கன்னத்தில் வைப்பார். இவ்விரு கத்திகளிலும் அலகும் உடலும் ஒன்றே. மழுங்கினால் தீட்டுவர்; எறிவதில்லை.

பிரிவு நேர்ந்த கதை

அலகையும் உடலையும் பிரித்து, அலகை மட்டும் எறியத்தக்கதாக ஆக்கிப் பெருவழக்கிற்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான கிங் கேம்ப் கில்லெட் என்பவர். அவருடைய எண்ணத்தைச் செயற்படுத்திய பொறியாளர் வில்லியம் நிக்கர்சன். மெல்லிய எஃகுத் தகட்டை வளையாமல் கடினமாக்கி, கூராக்கும் இயந்திரங்களை அமைத்தவர் அவரே. 1901இல் விண்ணப்பித்த காப்புரிமை 1904ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் கிடைத்தது. விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் விலைபோனவை 51 கருவிகளும் 168 அலகுகளுமே. சில ஆண்டுகளில் அது உலகெங்கும் பரவிற்று.

அக்கருவிக்கு உறுப்புகள் மூன்று: மேல்மூடி, அடித்தட்டு, பிடி. ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலகு மூடிக்கும் தட்டுக்கும் இடையே அமர்கிறது. மூடியின் அடியிலுள்ள மரைத்தண்டைப் பிடி திருகி இறுக்கும்போது, அலகு வில்போல் வளைந்து விறைப்பு அடைகிறது. தனியே எடுத்தால் துவளும் தகடு, கருவிக்குள் உறுதியான கத்தியாவது இதனாலேதான்.

மயிர் எஃகை வெல்வது எப்படி?

மயிர் எஃகைக் காட்டிலும் ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. அவ்வாறாயின் அலகு ஏன் மழுங்க வேண்டும்? அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் இதற்கு விடை கண்டனர். மின்னணு நுண்ணோக்கியின்கீழ் அலகைக் கொண்டு மயிரை வெட்டிப் பார்த்தபோது, அலகு படிப்படியாகத் தேய்வதைவிட அதன் விளிம்பில் நுண்ணிய சில்லுகள் பெயர்வதே காரணம் என்பது புலனாயிற்று. மயிர் வளைந்து சாய்வாக அழுத்தும்போது, எஃகின் உள்ளமைப்பு சீரற்றிருக்கும் இடங்களில் சில்லு எழுகிறது.

பழைய தலைமுறையினர் அலகைக் கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் வைத்துத் தேய்ப்பர். அதனால் ஓரிரு முறை கூடுதலாகப் பயன்படலாம். பெயர்ந்த சில்லு மீளாது. அலகு தேயப் பிறந்தது. அதனைக் காக்க முயல்வதினும் உடலைக் காப்பதே அறிவுடைமை.

உடலின் உலோகம்

கருவியின் ஆயுளை அறுதியிடுவது அதன் உலோகம். பழைய கருவிகள் பெரும்பாலும் பித்தளையால் ஆனவை. மேலே நிக்கலோ குரோமியமோ முலாமாக இருக்கும். முலாம் தேய்ந்தாலும் உள்ளிருக்கும் பித்தளை எளிதில் கெடாது. மெருகிட்டு மீண்டும் முலாம் பூசலாம்.

இன்று மலிவாகக் கிடைக்கும் கருவிகள் பலவற்றின் தலை துத்தநாகக் கலவையால் வார்க்கப்படுகிறது. இதில் ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியம் கலந்திருக்கும். ஏறத்தாழ 385 பாகை செல்சியசில் உருகுவதால் அச்சில் செலுத்தி நுட்பமாக வார்க்கலாம், விலையும் குறையும். ஆனால் இது வளைவதற்குமுன் ஒடியும். முலாம் ஓரிடத்தில் பெயர்ந்தால் ஈரம் உட்புகுந்து வெண்பொடி பூக்கும். பக்கத்து முலாமும் உப்பிக் கழலும். மூடியின் மரைத்தண்டும் இக்கலவையாலேயே வார்க்கப்பட்டிருப்பின், ஒருமுறை கீழே விழுந்தாலோ மிகையாக இறுக்கினாலோ அது முறிந்துவிடக்கூடும். அதன்பின் பளபளக்கும் பிடி இருந்தும் பயனில்லை.

துருவேறா எஃகுக் கருவிகளும் கிடைக்கின்றன. மாலிப்டினம் கலந்த வகை உப்பையும் ஈரத்தையும் நன்கு தாங்கும். முலாம் தேவையில்லாததால் முலாம் கழலும் குறையும் இல்லை, விலைதான் மிகுதி.

வாங்கிய கருவி எவ்வுலோகம் என்பதை அறிவது எப்படி? காந்தம் இங்கே உதவாது. பித்தளையையும் துத்தநாகத்தையும் அது ஈர்ப்பதில்லை. ஆர்க்கிமிடீசின் வழியே நேர்வழி. அலகை நீக்கி, கருவியைக் கழற்றி, எடையைக் காண்க. பின்னர் அளவுச் சாடியிலுள்ள நீரில், குமிழிகள் வெளியேறும்படி அமிழ்த்துக. 80 கிராம் எடையுள்ள கருவி முழுதும் பித்தளையாயின் ஏறத்தாழ 9.4 மில்லிலிட்டர் நீரை விலக்கும். முழுதும் துத்தநாகக் கலவையாயின் ஏறத்தாழ 12 மில்லிலிட்டரை விலக்கும். ஆசிரியர் அலகில்லாத பழைய கருவியொன்றைக் கொண்டு வகுப்பிலேயே இதனைச் செய்து காட்டலாம். அடர்த்தி என்னும் பாடம் மாணவர் மனத்தில் பதிய இதனினும் எளிய வழி அரிது.

பித்தளைக்கும் ஒரு பகை

பித்தளை உறுதியானதெனினும் அதற்கும் ஒரு பகை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினரின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்புற்றன. அவை குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தன. குதிரையின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக் காற்று, உறையை இழுத்து உருவாக்கியபோது உள்ளே தங்கிவிட்ட இறுக்கம் ஆகிய மூன்றும் கூடியதே காரணம் என்பதை 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினர்.

இச்செய்தி ரப்பர்த் தோட்டத்தாருக்கு அயலானதன்று. மரப்பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்ப்பது தோட்டங்களில் வழக்கம். குழாய் வடிவான பித்தளைப் பிடி, இறுகத் திருகிய நிலையில் அம்மோனியாவின் ஆவி படும் இடத்தில் கிடப்பின் வெடிப்புறக்கூடும். அம்மோனியா கலந்த துப்புரவு நீரும் இதற்கு ஆகாது. பயன்படுத்தியபின் திருகைச் சிறிது தளர்த்தி வைப்பது நன்று.

செப்பம் செய்தல்

சோப்புப் படிவுக்கு வெதுவெதுப்பான நீரும் பழைய பல்துலக்கியுமே போதும். புளிக்காடியில் ஊறவைத்தால், முலாம் பெயர்ந்த துத்தநாகத்தை அமிலம் அரிக்கும். குளோரின் கலந்த வெளுப்பு நீர் துருவேறா எஃகிலும் குழி விழச் செய்யும்.

மரை இறுகிக்கொண்டால் வெந்நீரில் வைத்து, ஒருசொட்டு எண்ணெய் விட்டு, துணி சுற்றிக் கையால் திருகுக. குறட்டால் பிடித்தால் முலாம் போகும். பின்னர் மரையில் சிறிது வாசலின் தடவினால் மறுமுறை இறுகாது.

அடித்தட்டு வளைந்தால் அலகின் இருபுறமும் இடைவெளி ஒவ்வாது. ஒருபுறம் தோலைக் கீறும், மறுபுறம் மயிரைத் தொடாது. பித்தளைத் தட்டாயின் மரத்துண்டுகளுக்கிடையே வைத்துச் சிறிது சிறிதாக நிமிர்த்தலாம். துத்தநாகத் தட்டை நிமிர்த்த முயன்றால் ஒடியும்.

முறிந்த மரைத்தண்டை அரத்தால் சமன்செய்து, நடுவில் துளையிட்டு, மரை வெட்டி, எஃகுத் திருகாணி பொருத்துவோர் உண்டு. மூடி தடிப்பாயிருந்தால்தான் இது நிலைக்கும். மெல்லியதாயின் தலையை மட்டும் மாற்றுவதே நன்று. அவ்வாறு மாற்றும்போது ஒரு நுட்பத்தைக் கருதுக. பழைய கில்லெட் கருவிகளின் மரை அங்குலத்துக்கு 32 சுற்று, விட்டம் 4.83 மில்லிமீட்டர். இக்காலக் கருவிகள் பலவற்றில் விட்டம் 5 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 0.8 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு 31.75 சுற்று. இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால் முதல் சுற்றுகள் பொருந்துவனபோல் தோன்றும். வலிந்து திருகினால் மரை அழியும்.

எறியுமுன் எண்ணுக

1971இல் இரட்டை அலகுப் பெட்டியும், 1975இல் முழுதும் எறியத்தக்க நெகிழிக் கருவியும் சந்தைக்கு வந்தன. அலகுக்கே உரிய விதி பிடிக்கும் வந்தது. நெகிழிக் கருவி மலிவானது, காயம் குறைவு, பயணத்துக்கு ஏற்றது என்பன உண்மையே. ஆயினும் அதில் கழற்ற மரையில்லை, மாற்ற உறுப்பில்லை, செப்பம் செய்ய இடமில்லை.

தோட்டத்து லயங்களை விட்டு நகர்ப்புற அடுக்குமாடிக்குக் குடிபெயரும் குடும்பங்கள், பாட்டனாரின் தகரப்பெட்டியை ஒழிக்கும்போது, கறுத்துப்போன சவரக் கருவியைக் குப்பையில் இடுவதுண்டு. கழுவி மெருகிட்டால் மேலும் ஒரு தலைமுறைக்கு உழைக்கக்கூடிய பித்தளையாக அது இருக்கலாம். அதற்குரிய இருபுற அலகு இன்றும் கடைகளில் கிடைக்கிறது. முடிதிருத்தும் கடைகளிலும் அதனையே இரண்டாக ஒடித்து மடக்குப் பிடியில் செருகிக்கொள்கின்றனர். தேய்ந்த அலகை மட்டும், துளையிட்ட தகரக் குவளையில் சேர்த்து மூடி அப்புறப்படுத்துக. குப்பை அள்ளுவோர் கையும் கைதான்.

மழித்தல் என்னும் சொல்லைத் திருவள்ளுவர் கூடாவொழுக்கத்தில் ஆண்டார். பொருநராற்றுப்படையின் புலவரோ மயிர் குறைக்கும் கருவியைக் கண்டு, அதன் வளைந்த கைப்பிடியைப் பாடினியின் காதுக்கு உவமையாக்கினார். கருவியின் கூர்மையை எவரும் காண்பர். கைபிடிக்கும் கடைப்பகுதியின் அழகைக் கண்டது அப்புலவரின் கண். கருவியை வாங்குவோரும் எறிவோரும் அப்பகுதியை ஒருகணம் நோக்குவாராக.