நகராது என்று நினைத்த மணல்

செவ்வாய் என்றதும் சிவந்த மண்தான் நினைவுக்கு வரும். அதன் வடதுருவத்து மணலோ கறுப்பு. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் பாறை பொடிந்த மணல் அது. துருவப் பனித்தொப்பியைச் சுற்றிக் கிடக்கும் இந்த மணற்குன்றுப் பரப்புகளில் மிகப் பெரியது ஒலிம்பியா உண்டே. ஏறத்தாழ 4,70,000 சதுர கிலோமீட்டர். ஸ்பெயினைவிடச் சற்றே சிறியது. (இணையத்தில் உலவும் நீலக் குன்றுப் படங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். குளிர்ந்த இடத்துக்கு நீலம், வெப்பமான இடத்துக்கு மஞ்சள் என்று நாமே ஏற்றிய நிறம் அது.)

செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அவ்வளவு மெல்லிய காற்று மணலைத் தூக்குமா? தூக்காது, இவை பழங்காலத்தில் உருவாகி உறைந்துபோன குன்றுகள் என்ற எண்ணமே நெடுநாள் நிலவியது. 2006இல் செவ்வாயை அடைந்த மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டரின் ஹைரைஸ் கேமரா, அதே குன்றுகளைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தது. ஒரு மீட்டர் அளவுள்ள பொருளும் அதன் கண்ணுக்குத் தப்பாது. முந்தைய படத்தில் வழவழப்பாக இருந்த சரிவில், அடுத்த படத்தில் மணல் சரிந்த பள்ளம் தெரிந்தது. இந்த மாற்றங்களை விவரிக்கும் ஆய்வு 2011இல் வெளியானது.

மணல் ஏன் சரிகிறது? குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை மைனஸ் 125 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடே உறைந்து குன்றுகளைப் போர்த்திவிடும். வசந்தத்தில் வெயில் அந்தப் பனியை ஊடுருவிக் கீழுள்ள கறுப்பு மணலைச் சூடாக்குகிறது. பனி அடிப்பக்கத்திலிருந்து நேராக வாயுவாகிறது. வெளியேற வழியில்லாத வாயு, கொதிக்கும் உலை மூடியைத் தள்ளுவதுபோலப் பனியைப் பிளந்து, மணலையும் வாரிக்கொண்டு பீறிடுகிறது. வெள்ளைப் பனிமேல் கறுப்புத் தீற்றல்கள் விழுகின்றன. செங்குத்தான பக்கங்களில் மணல் சரிகிறது. இந்தச் சரிவுகளில் பனிக்கு எவ்வளவு பங்கு, காற்றுக்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் முழு உடன்பாடு இல்லை.

எனக்குப் பெரிய வியப்பு, மணலில் கலந்திருக்கும் ஜிப்சம்தான். ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலம் அனுப்பிய தரவுகளைக் கொண்டு 2005இல் அதைக் கண்டறிந்தார்கள். நாம் சிமென்டில் சேர்க்கும் அதே கனிமம். நீர் இல்லாமல் ஜிப்சம் உருவாகாது. நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு மென்மையானது. ஆகவே காற்றில் உருண்டு நெடுந்தூரம் வந்திருக்க வாய்ப்புக் குறைவு. அருகிலேயே எங்கோ நீர் பட்டிருக்கிறது என்றுதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இதுவரை எந்தக் கலமும் இந்தக் குன்றுகளில் இறங்கியதில்லை. 2008இல் ஃபீனிக்ஸ் கலம் இறங்கிய இடமும் இதற்கு வெகு தெற்கே, வட அட்சரேகை 68 பாகையில்தான். ஒலிம்பியா உண்டே பற்றி நமக்குத் தெரிந்தவை அனைத்தும் சுற்றுக்கலங்கள் மேலிருந்து கண்டு சொன்னவையே.