கொன்றவர்களே கும்பிட்ட ராஜா!

பழைய மேனேஜர் தங்கமான மனுஷன் என்று நமக்கு எப்போது தெரியும்? புது மேனேஜர் வந்து ஒரு மாசம் கழித்து! இந்த ஆபீஸ் தத்துவப்படி ஒரு தேசமே தன் ராஜாவைச் சாமியாக்கியிருக்கிறது. இடம்: நார்வே.

ராஜா பெயர் ஓலாவ். 1015-ல் பட்டத்துக்கு வந்தவர். மகான் லட்சணம் ஆளிடம் மருந்துக்கும் கிடையாது. வாலிபத்தில் வைக்கிங் கூட்டத்தோடு கொள்ளை. பட்டத்துக்கு வந்ததும் ‘கிறிஸ்துவனாகு, இல்லாவிட்டால் தொலைந்தாய்’ என்று மிரட்டல். பெரிய மிராசுகளோடும் தகராறு. டென்மார்க், இங்கிலாந்து இரண்டையும் ஆண்ட கனூட் சும்மா இருப்பாரா? அதே மிராசுகளுக்குப் பணத்தை அள்ளிவிட்டார். 1028-ல் ஓலாவ் ரஷ்யப் பக்கம் எஸ்கேப். 1030-ல் திரும்பி வந்தவரை ஸ்டிக்லஸ்டாட் என்ற ஊரில் சொந்த ஜனங்களே தீர்த்துக்கட்டினார்கள்.

அப்புறம்தான் வேடிக்கை. கனூட்டின் மகன் ஸ்வெய்ன் ஆள வந்தான். பொடியன். அதிகாரமெல்லாம் அம்மா அல்ஃபிவா கையில். கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வீடு வெண்ணெய் கொடு, மாட்டுத் தொடை கொடு என்று வரி. ஒரு டென்மார்க்காரன் சாட்சிக்கு முன்னால் பத்து நார்வேக்காரன் சாட்சி செல்லாது என்று சட்டம் போட்டதாகவும் பழைய கதைகள் சொல்கின்றன.

ஜனங்களுக்கு ‘அடடா, ஓலாவ்!’ என்று ஞாபகம் வந்துவிட்டது. 1031-ல் பிஷப் கிரிம்கெல் சவப்பெட்டியைத் தோண்டி எடுத்தார். உடம்பு கெடவில்லை, முடியும் நகமும் வளர்ந்திருக்கிறது என்றார்கள். “மணலில் புதைத்தால் அப்படித்தான் இருக்கும்” என்றாளாம் அல்ஃபிவா. முடியை நெருப்பில் போட்டார்கள், எரியவில்லையாம். “மந்திரிக்காத நெருப்பில் போடுங்கள், பார்க்கலாம்” என்றாள். வாயை மூடச் சொல்லிவிட்டார்கள்!

ஓலாவை வெட்டியவர்களில் ஒருவராகச் சொல்லப்படும் கால்வ் என்ற மிராசே ரஷ்யா போய், ஓலாவின் மகன் மாக்னுஸைக் கூட்டிவந்து 1035-ல் பட்டம் கட்டினார்.

அப்புறம் பக்தி காட்டுத்தீதான். புதைத்த ஊரில் (இன்றைய டிராண்ட்ஹைம்) பெரிய கதீட்ரல் எழுந்தது. லண்டனில்கூட ஓலாவுக்கு சர்ச்சுகள். ‘டூலி தெரு’ என்பது செயின்ட் ஓலாவ் தெரு என்ற பெயர் தேய்ந்து வந்ததுதான். 1160-களில் இன்னொரு மாக்னுஸ் ராஜா, நாடே ஓலாவுடையது, நான் அவர் சார்பில் ஆள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். ராமர் பாதுகையை வைத்துப் பரதன் ஆண்ட கதைதான்!

நான் பி.காம். எதிலும் லாபக் கணக்குத்தான் முதலில் கண்ணில் படும். குடியானவனுக்கு, வரி போட்டவனை எதிர்க்க ஒரு சாமி. மிராசுக்குப் பாவம் தீர ஒரு வழி. பிஷப்புக்கு உள்ளூரிலேயே ஒரு மகான். ராஜாவுக்கு சிம்மாசனத்துக்கு கேரண்டி.

எல்லாம் சரி, வியாதியோடு மலையும் குளிரும் தாண்டி நடந்து வந்தவனை எந்தக் காலத்தில் எழுதுவது? அவன் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

1537-ல் மதச் சீர்திருத்தம் வந்தது. ஓலாவின் வெள்ளிப் பேழையை டென்மார்க் கொண்டுபோய் உருக்கிவிட்டார்கள். உடல் எங்கே இருக்கிறது என்று இன்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் 1997-ல் பழைய யாத்திரைப் பாதையை மறுபடி திறந்தார்கள். ஜனங்கள் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்!