அக்கா மகனுக்கு எந்தப் பள்ளிக்கூடம்?



மலருக்குக் கட்டுரை கேட்டபோது டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன வருஷம் முழுக்க என் மண்டைக்குள் ஓடியது வேறு விஷயம். அதையே எழுதுகிறேன். நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். இதே கேள்வி உங்கள் வீட்டிலும் ஒருநாள் உங்களிடம்தான் வரும்.

சோழவந்தான் பக்கம் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் மகனுக்கு அப்போது 6 வயசு. பேச்சு கிடையாது, கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் காட்டினோம். ஆட்டிசம் என்றார்கள். அன்று ராத்திரி அம்மா, "எந்தப் பள்ளிக்கூடத்துல போடுறதுன்னு நீயே சொல்லுடா, நீதான படிச்சவன்" என்றது. நான் எலக்ட்ரிகல் இரண்டாம் வருஷம். எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் விசாரிக்கக் கிளம்பினேன்.

ஆட்டிசம் தொற்றுநோய் அல்ல, வளர்ப்புக் கோளாறும் அல்ல. மூளை வளரும் விதமே வேறு. 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பார்த்து இதை எழுதினார். சில பிள்ளைகள் சரளமாகப் பேசும், சிலது ஒரு வார்த்தையும் பேசாது. அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று போடுகிறார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பயல் திண்டுக்கல் பக்கமிருந்து வரும் ரயிலின் சத்தத்தை எங்களுக்கு முன்பே கேட்டுவிடுவான். அவனுக்கா சிந்தனை இல்லை?

சான்றிதழுக்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 40 விஷயங்கள் பார்ப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். கூட்டினால் 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. நம்ம பரீட்சைக்கு நேர் எதிர், மார்க் குறைந்தால்தான் நல்லது! பையன் நடுத்தரத்தில் வந்தான். ஆனால் எந்தப் பள்ளி என்பதை அந்த மார்க் சொல்லாது.

முதலில் ஒரு தனியார் பள்ளிக்குப் போனோம். பையனை நிற்க வைத்து அ, ஆ சொல்லச் சொன்னார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. "மத்த பேரன்ட்ஸ் சண்டைக்கு வருவாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மச்சான் வழியெல்லாம் பேசவே இல்லை. 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி, சேர்க்கும்போது பிள்ளைக்கு டெஸ்ட் வைக்கவே கூடாது என்று பிறகுதான் படித்தேன். முதல் தடவை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம். 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1995-ம் வருஷச் சட்டத்தில் ஆட்டிசத்தின் பெயரே கிடையாது. 2016-ல் அதையும் சேர்த்தார்கள். 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று சான்று இருந்தால், 6 முதல் 18 வயசு வரை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். எது என்று தேர்ந்தெடுப்பது நம் உரிமை. அன்றைக்கே இது தெரிந்திருந்தால் அந்த ஆபீஸ் ரூமில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.

அடுத்து டவுனில் ஒரு சிறப்புப் பள்ளி. உண்மையிலேயே நல்ல இடம். ஒரு டீச்சரிடம் கொஞ்சம் பிள்ளைகள்தான். இப்போது சாப்பாடு, அடுத்து விளையாட்டு என்று படம் போட்ட அட்டைகளைச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் இந்தப் பிள்ளைகளுக்குப் பயம் குறையுமாம். அக்கா அங்கேயே சேர்க்கச் சொன்னாள். ஆனால் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பஸ். ஏர் ஹாரன் அடித்தாலே இவன் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். அக்காவுக்குக் கூலி வேலையும் போய்விடும்.

கடைசியில் ஊர் ஆரம்பப் பள்ளியைப் பார்த்தோம். தலைமையாசிரியை, "உக்காந்து பாருங்க தம்பி" என்று ஒரு காலை நேரம் முழுக்க வகுப்பில் இருக்க விட்டார். நண்பர்களே, எந்தப் பள்ளியானாலும் இதைக் கட்டாயம் கேளுங்கள். கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். சத்தத்தைக் கேளுங்கள், கக்கூசைப் பாருங்கள், ஒரு பிள்ளை அழும்போது டீச்சர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். குறையும் உண்டு. சிறப்பாசிரியர் வட்டார வள மையத்திலிருந்து வருபவர், தினமும் வர முடியாது. ஆரம்ப வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு அறிவித்தது. நாங்கள் பார்த்த வரை ஒருவரே பல பள்ளிகளுக்கு அலைகிறார்.

இருந்தும் ஊர்ப் பள்ளியில்தான் சேர்த்தோம். ஒரு வருஷம் பார்ப்பது, ஒத்துவரவில்லை என்றால் மாற்றுவது என்று பேச்சு. எல்லாருக்கும் இதுவே சரி என்று சொல்ல மாட்டேன். தன்னையே அடித்துக்கொள்கிற பிள்ளை, கக்கூஸ் பழக்கம் வராத பிள்ளை என்றால் முதலில் சிறப்புப் பள்ளிதான் நல்லது என்று படுகிறது. அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

முதல் வாரம் வகுப்புக்குள் நுழையவே மாட்டேன் என்றான், வராண்டாவில் மட்டும் உட்கார்ந்தான். அடம் என்றார்கள். நான் போய் நின்றபோதுதான் காதில் விழுந்தது. பழைய சோக் போட்ட ட்யூப் லைட். நம்ம 50 சைக்கிள் சப்ளையில் சோக் விநாடிக்கு 100 தடவை அதிரும், 'ம்ம்ம்' என்று இரையும். லேபில் நாம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. தலைமையாசிரியையிடம் கேட்டு, சோக்கைக் கழற்றிவிட்டு 2 எல்.இ.டி. ட்யூப் மாட்டினேன். மறுநாள் வாசற்படியில் உட்கார்ந்தான். அதற்கடுத்த வாரம் ஜன்னலோரம்.

இப்போது படம் போட்ட அட்டைகளை அக்காவே அட்டைப்பெட்டியில் வெட்டித் தருகிறாள். ரயில் படம் வரைவது மட்டும் என் வேலை.