முதுகு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால்...



"அம்மா, முதுகு வலிக்குது" என்று பிள்ளை சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? தைலம் தேய்க்கிறோம். "பந்து விளையாடி எங்கேயாவது விழுந்திருப்பே" என்கிறோம். புத்தகப் பையின் பாரத்தைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் அதுவே உண்மையாகவும் இருக்கும். சில நாளில் வலி போய்விடும். ஆனால், போகாத வலி ஒன்று உண்டு. தோட்டத்திலும் தாமானிலும் உள்ள பெற்றோர் அதை அறிந்திருப்பது நல்லது.

நம் முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளையங்கள் போன்றது. அதனுள்ளே மூளையிலிருந்து தண்டுவடம் இறங்கி வருகிறது. பெரியவர்களுக்கே அது ஏறக்குறையச் சுண்டுவிரல் பருமன்தான். கை கால் அசைவதும் சிறுநீர் அடங்குவதும் அதன் வழியே செல்லும் கட்டளையால்தான். மிக அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு இத்தண்டுவடத்தின் உள்ளேயே கட்டி உண்டாகிறது. பெரும்பாலும் மெதுவாக வளர்வதால், மாதக்கணக்கில் நம்மை ஏமாற்றிவிடும்.

நமது தைப்பிங் மருத்துவமனைக்கு 1890-களின் இறுதியிலேயே எக்ஸ்ரே கருவி வந்துவிட்டது. மலாயாவில் அதுவே முதலாவது என்பது ஊர்ப் பெருமை. ஆனால் எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமே தவிர, தண்டுவடத்தைக் காட்டாது. 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்ற பிறகும் வலி தொடர்ந்தால், மறுபடியும் மருத்துவரிடம் செல்லுங்கள். கட்டியைத் தெளிவாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. படம்.

இதற்குச் சிகிச்சை உண்டா? உண்டு. 1887-ல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி என்ற அறுவை மருத்துவர், தண்டுவடத்தை வெளியிலிருந்து அழுத்திய கட்டியை அகற்றி, நடக்க முடியாதிருந்த ஒருவரை நடக்க வைத்தார். தண்டுவடத்தின் உள்ளே இருக்கும் கட்டியோ நெடுங்காலம் மருத்துவர்களை அச்சுறுத்தியது. சிறிது கிள்ளிச் சோதித்துவிட்டு, கதிர்வீச்சு கொடுப்பதோடு பலர் நிறுத்திக்கொண்டனர். வளரும் பிள்ளையின் எலும்புக்குக் கதிர்வீச்சு தீங்கு செய்யும்.

1980-களில் நியூயார்க்கில் டாக்டர் ஃபிரெட் எப்ஸ்டீன் துணிந்து வேறு வழி கண்டார். சிறு வயதில் பள்ளிப் படிப்பு ஏறாமல் திணறியவர் அவர்! ஒலியதிர்வால் கட்டியைப் பொடியாக்கி உறிஞ்சும் கருவியைப் பிள்ளைகளின் தண்டுவடத்தில் பயன்படுத்தினார். பல்லைச் சுத்தம் செய்யும் கருவியில் பிறந்து, கண்புரை அறுவையில் வளர்ந்த நுட்பம் அது. இன்று நுண்ணோக்கியின் கீழ், கால்களுக்குச் செல்லும் நரம்புச் செய்தி தடைபடுகிறதா என்று கணத்துக்குக் கணம் சோதித்துக்கொண்டே அறுவை செய்கிறார்கள். திறந்த எலும்பை முடிந்தவரை பழையபடி பொருத்திவிடுகிறார்கள்.

ஆனால் ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. இழந்த பலத்தையெல்லாம் அறுவை திருப்பித் தந்துவிடாது. பெரும்பாலும் இருக்கும் பலத்தைக் காப்பாற்றித் தருவதே அதன் வேலை. நடந்து வரும் பிள்ளை மீண்டும் நடக்க வாய்ப்பு அதிகம். படுக்கையில் வரும் பிள்ளைக்குக் குறைவு. அறுவைக்குப் பின் சில வாரம் கால் தளரலாம். உடற்பயிற்சிச் சிகிச்சை தேவைப்படும். வளர வளர முதுகு வளையக்கூடும் என்பதால் பல ஆண்டுகள் பரிசோதனைக்குப் போகவேண்டும்.

எனவே இவற்றைக் கவனியுங்கள்: இரவில் தூக்கத்தைக் கலைக்கும் முதுகுவலி; படுத்தால் கூடும் வலி; அடிக்கடி இடறி விழுதல்; ஒரு காலை இழுத்து நடத்தல்; முதுகு ஒருபக்கம் வளைதல்; நன்றாயிருந்த பிள்ளை மீண்டும் படுக்கையை நனைத்தல். இவற்றில் ஒன்று தொடர்ந்தாலும் எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள், மந்திரித்துக் காத்திருக்காதீர்கள். கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ அனுப்பினால் தயங்காமல் புறப்படுங்கள்.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. திடலில் பின்தங்கும் பிள்ளையைச் 'சோம்பேறி' என்று சொல்வதற்கு முன், அவன் நடையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒரு நல்ல ஆசிரியரின் கண், அந்தப் பிள்ளையின் கால்களைக் காப்பாற்றக்கூடும்.